தொப்பிப் பட்டை

முக்காலி என்றுதான் பெயர், அதற்குக் கால் ஒன்றே.
டூகல்ட் அதில் உட்கார்ந்திருப்பான் எட்டு மணி நேரம்.
கண் அயர்ந்தால் விழுவான், விழுந்தால் விழிப்பான்.
எதிரே ஒரு வெப்பமானி.
பாதரசம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால்
ஸ்டீவன்ஸ்டன் மணல்மேட்டில்
ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சும்.

எனக்குத் தோட்டாக் குடிசையில் வேலை.
வாசலில் கொண்டையூசிகளைப் பிடுங்கிக்கொள்வார்கள்.
கூந்தலை நாடாவால் முடிந்து
மாவுபோல் பிசுபிசுக்கும் அதைக்
காகிதக் குழலில் அடைப்பேன்.

திங்கட்கிழமை ஆலை முழுக்கத் தலைவலி.
நெற்றிப்பொட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோல.
புதனுக்குள் பழகிவிடும்.
சனி, ஞாயிறு கடல் காற்று உள்ளதையெல்லாம் கழுவிவிட,
திங்கள் மறுபடி தட்டல்.
குடிசைக்கு நான் மாறுவதற்கு முன்பே
அவன் கோட்டை மாட்டிவைத்தாலே எனக்கும் வலிக்கும்.
புது மனைவியின் சாக்கு என்று
அவன் அம்மா சொல்லித் திரிந்தாள்.

கிழட்டு ஆட்களுக்கு ஒரு தந்திரம் தெரியும்.
வெள்ளி மாலை துளியூண்டு எடுத்து
தொப்பியின் உள்பட்டையில் தேய்த்துக்கொள்வார்கள்.
விடுமுறையிலும் நெற்றி அதைக் குடித்துக்கொண்டிருக்கும்.
திங்கள் வலிக்காது.
ஞாயிறு நெஞ்சு பிடிக்காது என்பதையும்
அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.
பெண்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டு, ஈஸ்டருக்கு முந்தின நாள்.
தேவாலயத்துக்கு இந்த அழுக்குத் தொப்பியோடா என்று
சோடா போட்டு, தூரிகையால்
பட்டையை வெளுக்கும்வரை தேய்த்தேன்.
அடுப்பருகே காயவைத்தேன்.
ரொம்ப அழகாக வந்தது.

இரண்டாம் பாடலுக்கு எழுந்தவன்
பாட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தான்,
பத்திரமாக, விலை உயர்ந்த பொருளை வைப்பதுபோல.
பிறகு தானும் சாய்ந்தான்.

இப்போது தொண்ணூற்றிரண்டு. என் நெஞ்சும் பிடிக்கிறது.
கில்மார்னக் மருத்துவமனையில் டாக்டர் அபெர்னதி
நாக்கின் அடியில் வைக்க மாத்திரை தந்தாள்.
பெயரைப் படித்துச் சிரித்துவிட்டேன்.
இதை நான் மூட்டை மூட்டையாக அடைத்திருக்கிறேன், பெண்ணே,
மலையைப் பிளக்க.

அவள் காகிதத்தில் ஒரு வளையம் வரைந்தாள்.
உள்ளே ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு.
மாத்திரை விடுகிற அதே வாயுவை
அதுவும் செய்கிறதாம், தானாக,
ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம்.
நைட்ரிக் ஆக்சைடு. ஆயுள் சில நொடி.
பக்கத்துத் தசையின் காதில்
"இறுக்காதே" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும்.

டூகல்டின் பிரேதப் பரிசோதனைத் தாளை
முப்பத்து நான்கு வருடம் பைபிளுக்குள் வைத்திருந்தேன்.
நீட்டினேன். இடது தமனி, கொழுப்பு, அழற்சி.
அந்த விரிப்பு கிழிந்த இடம் என்றாள்.
முணுமுணுப்பு அங்கே நின்றுவிடும்.
காவலுக்கு வந்த வெள்ளணுக்கள் சுவருக்குள் ஏறிக்கொண்டு
அதே வாயுவைக் குடம் குடமாகக் கொட்டும்,
எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப்போல.
அலையும் ஆக்சிஜனோடு அது கூடினால்
காக்க வந்த கையே சுடும்.

இதயம் முன்பே கெட்டிருந்தது, மிஸஸ் கல்டர்,
தொப்பியால் இல்லை, என்றாள்.
நான் தொப்பியைப் பற்றிக் கேட்கவே இல்லை.
அதற்குமுன் எப்போது அவளிடம் சொன்னேன்?
பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன்.

பேருந்தில் அர்ரான் தீவு கூடவே வந்தது.
சால்ட்கோட்ஸ் தாண்டும்போது நெஞ்சு இறுகியது.
ஒன்றை நாக்கடியில் வைத்தேன்.
லேசான இனிப்பு. பிறகு எரிச்சல்.
பிறகு நெற்றிப்பொட்டில்
அந்தப் பழைய திங்கட்கிழமை.

கதவைத் தட்டுகிறவன் யாரென்று
எனக்குத் தெரியும்.
இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும்
உட்கார்ந்திருந்தேன்.